வழக்கில் காட்டிய ஏடுகள்

எங்கள் சின்னாளப்பட்டியிற் சுங்குடிச் சேலை வாணிகஞ் செய்வார் தம் கணக்கேட்டைப் பிறர் கண்ணிற் படவிடார். நூல் வாங்கிய விலை, சாயக் கூலி, எந்த ஊர்க் கடைக்காரர் எவ்வளவு பாக்கி என்பன அதன்கண் உள. மகள் திருமணத்திற்கு வாங்கிய கைமாற்றும் அவ்வேட்டின் ஒரு மூலையிற் கிடக்கும். இத்தகைய ஏட்டையும் எதிர்க்கட்சியார் முன் விரிக்கச் செய்யும் ஆற்றல் நீதிமன்றத்திற்கு உண்டு. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பதினோராங் கட்டளைப்படி, வழக்கிற்குரிய ஆவணங்கள் எவை தம்மிடம் உள்ளன என்பதைச் சத்தியஞ் செய்து உரைக்குமாறு ஒருவர் பணிக்கப்படலாம். எதிரி அவற்றைப் பார்த்துப் படியும் எடுக்கலாம். ஆணையை மீறினால் வாதியின் வழக்குத் தள்ளப்படலாம். பிரதிவாதியின் எதிர்வாதம் நீக்கப்படலாம்.

இனி ஓர் ஐயம். வாணிகக் கூட்டாளிகள் இருவர் கணக்குக் கேட்டு வழக்காடுகின்றனர் என்று கொள்வோம். காட்டப்பட்ட கடிதமொன்றில், பட்டயக் கணக்காளர் ஒருவர் பொய்க்கணக்கென அறிந்தே கையொப்பமிட்டமை வாதிக்குப் புலனாகின்றது. அவர் அதன் படியை இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்திற்கு உடனே அனுப்பலாமா? தீமையை வெளிப்படுத்தத் தடை யாது என்றே யானும் முதலில் எண்ணினேன்.

ஆங்கில நாட்டு நீதிமன்றங்கள் வேறு விடை கூறின. ஆவணந் தந்தவர் விரும்பித் தந்தாரல்லர். ஆகவே, வலிந்து பெற்றதை அவ்வழக்கிற்கன்றிப் பிறிதொன்றிற்குப் பயன்படுத்தேன் என்னும் உறுதி, வாய்திறந்து சொல்லாவிடினும், பெற்றவரைப் பிணிக்கும் என்றன. வேலையினின்று நீக்கப்பட்ட ஊழியர் ஒருவர் முதல் வழக்கிற் பெற்ற குறிப்பைக்கொண்டு அவதூறு வழக்குத் தொடுத்தபோது, 1977-இல் டெனிங் பிரபு முதலியோர் அதனை மறுத்தனர். சிறைவாசி ஒருவருக்காக வழக்காடிய ஹாரியட் ஹார்மன், நீதிமன்றத்திற் பலரறியப் படிக்கப்பெற்ற ஆவணங்களைப் பத்திரிகையாளர் ஒருவருக்குக் காட்டினார். அதுவும் நீதிமன்ற அவமதிப்பே என 1982-இல் பிரபுக்கள் சபை மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இஃது எனக்கு மிகையாகவே தோன்றுகின்றது. ஊர்கேட்கப் படித்ததில் மறைவென்ன உளது? பின்னர் அந்நாட்டு விதியும் மாற்றப்பட்டது.

நம் ஐயத்திற்கு அணித்தான வழக்குக் கனடாவினது. வாங்கூவர் நகரிற் குழந்தை காப்பகம் நடத்திய பெண்மணி ஒருவர், குழந்தைக்கு நேர்ந்த மூளைக்காயம் பற்றிய உரிமையியல் வழக்கில் விடையளிக்க வேண்டியவரானார். அவ்விடைகளைக் காவலர் நாடினர். கனடா உச்ச நீதிமன்றம் 2008-இல் ஆய்ந்து கூறியது யாதெனில்: உடனடியான பேராபத்து இருந்தாலன்றி, எதிர்க்கட்சியார் நீதிமன்ற இசைவின்றி அவற்றைக் காவலரிடம் கொடுத்தலாகாது, காவலரோ சட்டப்படி ஆணை பெற்றுத் தாமே கைப்பற்றலாம்.

ஆகவே, இவ்வுறுதி ஏட்டை விசாரணைக்கு எட்டாமற் செய்வதன்று. எவ்வாயிலாற் செல்லவேண்டும் என்பதையே வரையறுக்கின்றது. நம் நாட்டிலும் அவ்வாயில் உண்டு. பட்டயக் கணக்காளர் சட்டத்தின் 21-சி பிரிவும், வக்கீல்களுக்குரிய 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவும் ஒழுக்க விசாரணை செய்வோர்க்கு ஆவணங்களை வருவிக்கும் அதிகாரம் தருகின்றன.

ஆயினும், கண்டதைச் சொல்லவும் வாதிக்கு வாயில்லையெனின் கழகம் எங்ஙனம் அறியும்? அதற்குள் பொய்க்கணக்கர் தம் ஏடுகளைத் தீக்கிரையாக்கிவிடின் என் செய்வது? இவ்விடர் மெய்யானதே. அதனால், நீதிபதியிடம் இசைவு வேண்டும் மனு நெடுநாள் கிடக்கலாகாது என்பேன். அம்மனுவின்மேல் வாணிகரும் தம் குறையைச் சொல்ல இடம் பெறுவார். கணக்கர் கையொப்பமிட்ட கடிதம் கழகத்திற்குச் செல்லும். கைமாற்று எழுதிய பக்கம் வாணிகர் பெட்டிக்கே மீளும்.