குருதி உறையா மருந்தும் அறுவை மருத்துவமும்

காயம் பட்டால் குருதி உறைய வேண்டும். குழாய்க்குள் ஓடும்போது உறையக் கூடாது. இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பவர்களுக்கும், செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும் இதயத்திலேயே உறைகட்டி உண்டாகலாம். அது மூளைக்குச் சென்றால் பக்கவாதம். இதைத் தடுக்கவே வார்ஃபாரின் போன்ற மாத்திரைகளைத் தருகிறார்கள்.

இவர்களுக்கு அறுவை செய்ய நேர்ந்தால்? மாத்திரையைத் தொடர்ந்தால் குருதி எளிதில் நிற்காது. நிறுத்தினால் உறைகட்டி உண்டாகலாம்.

வார்ஃபாரின், குருதியில் ஏற்கெனவே உள்ள உறைபொருள்களைத் தொடுவதில்லை. வைட்டமின் கே துணையுடன் கல்லீரல் புதிதாக ஆக்கும் 2, 7, 9, 10 ஆகிய எண்ணுடைய உறைபொருள்களையே குறைபடச் செய்கிறது. ஆகவே மாத்திரையை நிறுத்தினாலும் நல்ல உறைபொருள்கள் பெருகச் சில நாள்கள் ஆகும். பெரிய அறுவைக்கு 5 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது இதனால்தான். ஐ.என்.ஆர். என்னும் சோதனை அளவு, இம்மருந்து உண்போரிடம் பெரும்பாலும் 2 முதல் 3 வரை இருக்கும். அறுவைக்கு அது 1.5க்குக் கீழ் இறங்க வேண்டும்.

இடைப்பட்ட நாள்களில் ஹெப்பாரின் வகை ஊசி போட்டு, இரு கரைகளுக்கிடையே பாலம் கட்டுவதுபோல் சமாளிப்பது நெடுநாள் வழக்கம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறதல்லவா? 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. இதயத்துடிப்புக் கோளாறுடைய 1,884 பேரில் ஒரு பாதியினருக்கு மருந்தூசி, மறுபாதியினருக்கு மருந்தில்லா ஊசி. உறைகட்டித் தொல்லை முறையே 0.3, 0.4 விழுக்காடு, ஏறக்குறைய சமம். கடும் குருதிப்போக்கோ 3.2, 1.3 விழுக்காடு! பாலம் காப்பாற்றவில்லை, காயப்படுத்தியது. ஆனால் செயற்கை உலோக வால்வு உடையோர் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு மருத்துவர் தனியே எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அபிக்சபான் போன்ற புதிய மருந்துகளுக்கு இத்தனை நாள் தேவையில்லை. சிறுநீரகம் நன்கு இயங்கினால், அறுவையின் தன்மைக்கேற்ப 1 அல்லது 2 நாள் நிறுத்தினால் போதும்.

பல் பிடுங்கப் போகிறோமென்று மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவோர் பலர். இது ஆபத்தான வேலை. ஐ.என்.ஆர். உரிய அளவில் இருந்தால் ஓரிரு பற்களை எடுக்க வார்ஃபாரினை நிறுத்த வேண்டுவதில்லை. பல் எடுத்த குழியில் பஞ்சை வைத்து அழுத்திக் கடித்தல், தையல், டிரானெக்சாமிக் அமிலம் கலந்த வாய்க்கழுவு நீர் ஆகியவற்றாலேயே பெரும்பாலும் குருதி நின்றுவிடும். கண்புரை அறுவையும் பெரும்பாலும் இத்தகையதே.

அறுவை முடிந்தபின் குருதிக்கசிவு இல்லையெனில், அன்றிரவோ மறுநாளோ வார்ஃபாரினை மீண்டும் தொடங்குவார்கள். அதன் முழுப்பயன் தெரியவும் சில நாள்கள் ஆகுமாதலால், அதற்குள் புண் ஓரளவு ஆறிவிடும்.