எச்.ஐ.வி. தொற்றில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள்
நோயெதிர்ப்பு எல்லைமீறி உடலின் சொந்தத் திசுக்களையே சிதைத்துவிடாதபடி அதனை அடக்கிவைக்கும் வெள்ளணுக்கள் ‘ஒழுங்குபடுத்தும் டி செல்கள்’ எனப்படுகின்றன. ஷிமோன் சகாகுச்சி 1995இல் இவற்றை அடையாளம் காட்டியதற்காக, வேறு இரு ஆய்வாளர்களுடன் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார். எச்.ஐ.வி. தொற்றில் இவை ஒன்றுக்கொன்று முரணான இரு விளைவுகளை உண்டாக்குகின்றன. வைரஸ் புகுந்த செல்களைக் கொல்லும் சிடி8 செல்களின் வேகத்தை இவை தணிப்பதால் வைரஸ் பெருக வழி பிறக்கிறது. அதேவேளை, நோயெதிர்ப்பு மண்டலத்தின் ஓயாத கிளர்ச்சியே, எதிர்ப்பை ஒருங்கிணைக்கும் சிடி4 செல்களைத் தேயச்செய்து எய்ட்ஸ் நிலைக்கு இட்டுச்செல்வதால், அக்கிளர்ச்சியை அடக்கும் இச்செல்கள் நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தவும் கூடும். மேலும், வைரஸ் பற்றிக்கொள்ளும் சிடி4 புரதம் இவற்றின் மேற்பரப்பிலும் இருப்பதால், வைரஸ் இவற்றுக்குள்ளும் நுழைந்து, கூட்டு மருந்துச் சிகிச்சையின்போதும் உறங்குநிலையில் தங்கிவிடுகிறது. ஆகவே, இச்செல்களை அடியோடு ஒழிப்பதோ கண்மூடித்தனமாகப் பெருக்குவதோ தீர்வாகாது.