தோப்புக்கரணமும் சிறுநீரகமும்

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளை பெரகல சந்தியில் பஸ் ஏறும்போது, பணத்தைப் பத்திரமாக வை, நேரத்துக்குச் சாப்பிடு, யாரோடும் சண்டைக்குப் போகாதே என்று வீட்டார் நிறையச் சொல்லி அனுப்புகிறார்கள். சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று பார்த்துக்கொள் என யாரும் சொல்வதில்லை. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர் செ. வரப்பிரகாஷ், பகிடிவதையில் கடும் உடற்பயிற்சிகள் செய்யவைக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அதே ஆண்டில் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவன மாணவர் ஒருவரும் ஏறக்குறைய இதே விதமாகவே இறந்தார். இருவரையும் கொன்றது கத்தியோ தடியோ இல்லை. உடற்பயிற்சிக்கூடங்களில் காசு கொடுத்துச் செய்கிற அதே வகை அசைவுகள்தான். ஆக, ஆபத்து அசைவில் இல்லை. எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். தோப்புக்கரணத்தில் எழும்புவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறோம். தசைக்குச் சேதம் கூடுதலாக விழுவது இறங்கும்போதுதான். உடம்பின் பாரத்தைத் தாங்கி மெதுவாகக் கீழே இறக்கும் தொடைத் தசை, சுருங்க முயன்றுகொண்டே நீள்கிறது. அந்த இழுபறியில் தசைநார்களில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. அளவோடு செய்தால் சில நாள் உளைவோடு போய்விடும். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே பயிற்சியைச் செய்யும்போது சேதம் வெகுவாகக் குறைந்திருக்கும், ஏனென்றால் தசை அதற்குள் தன்னைத் தயார்படுத்திக்கொண்டுவிடும். கடும் பயிற்சி உடலை வலுப்படுத்துவது இந்த இடைவெளியால்தான். இடைவெளியே கொடுக்காமல், பழக்கமில்லாத அசைவை நூற்றுக்கணக்கில் ஒரே இரவில் செய்யவைத்தால் தசைக் கலங்களின் சக்தி தீர்ந்து, சுவர் உடைந்து, உள்ளிருப்பதெல்லாம் இரத்தத்தில் கொட்டுகிறது. பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். தசைக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் சிறுநீரக நுண்குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். அப்போது சிறுநீர் சாயத் தேநீர் நிறத்தில் போகும். இடிபாடுகளில் சிக்கி மீட்கப்பட்டவர்கள் சில நாட்களில் சிறுநீரகம் பழுதாகி இறந்ததை, இலண்டன் மீதான குண்டுவீச்சுக் காலத்தில், 1941இல், மருத்துவர்கள் விரிவாகப் பதிவு செய்தார்கள். அங்கே தசையை நசுக்கியது கட்டடம். இங்கே எண்ணிக்கை.

கடும் பயிற்சியையே குற்றஞ்சாட்டுவதாக இதைக் கொள்ள வேண்டாம். குந்துதல், தூக்குதல், தாவுதல் போன்ற அன்றாட அசைவுகளை வேகமாகச் செய்யும் பயிற்சிமுறை, முறையாகப் பழகினால் இதயத்துக்கும் தசைக்கும் நல்லது. இந்த முறையில் 2000இல் அமெரிக்காவில் தொடங்கிய கிராஸ்ஃபிட்காரர்கள், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு பிணைக்கப்பட்ட ஒரு கோமாளியின் படத்தையே எச்சரிக்கைச் சின்னமாக வரைந்து வைத்திருந்தார்கள். கேலியாக வரைந்தார்களே என்பது வேறு விஷயம். ஆபத்து அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அங்கே முடியவில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். பல்கலைக்கழக விடுதியில் அதைச் சொன்னால் எண்ணிக்கை கூடும்.

“தோட்டத்துப் பிள்ளைகள் மலையேறி வளர்ந்தவர்கள், அவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?” என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மை. தசை பழகுவது பழகிய அசைவுக்கு மட்டுந்தான். லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறி இறங்கிய கால், இருநூறு தோப்புக்கரணத்துக்குத் தயாரான கால் ஆகாது. உறுதியானவர் என்ற பேரே ஆபத்தையும் கூட்டுகிறது, ஏனென்றால் அப்படிப்பட்டவர் வலியை மறைத்து இன்னும் கொஞ்சம் செய்வார். காய்ச்சல் விட்டு எழுந்த உடம்பு, தண்ணீர் குறைந்த உடம்பு, மதுபானம் குடிக்கவைக்கப்பட்ட உடம்பு என்றால் கேட்கவே வேண்டாம். “இராணுவத்தில் செய்வதில்லையா?” என்பது அடுத்த கேள்வி. இராணுவ முகாம் உள்ள தியத்தலாவை பக்கத்தில் இருப்பதால் அந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வரும். இராணுவப் பயிற்சிக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு, பொறுப்பான அதிகாரி உண்டு, கட்டம் கட்டமாக ஏற்றும் திட்டமும் உண்டு. அவ்வளவும் இருந்தும் உலகெங்கும் படைகளில் இந்தப் பாதிப்பு வரத்தான் செய்கிறது. அவற்றில் ஒன்றுமே இல்லாத இரண்டாம் வருட மாணவர் எந்தத் துணிவில் எண்ணச் சொல்கிறார்?

அறிகுறி உடனே தெரிவதில்லை என்பதுதான் இதில் பொல்லாதது. தாங்க முடியாத தசைவலி, வீக்கம், கையை மடக்கவோ காலை நீட்டவோ முடியாமை, கறுத்த சிறுநீர், சிறுநீர் குறைவு ஆகியவை ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரலாம். வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவது சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990ஐ அழைத்தால் அம்பியூலன்ஸ் இலவசம், அரச வைத்தியசாலையில் சிகிச்சையும் இலவசம். பிள்ளை வீட்டுக்கு ஓடிவந்திருந்தால், தோட்ட டிஸ்பென்சரியில் வலிமாத்திரையோடு நிறுத்தாமல் தியத்தலாவைக்கோ பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ கொண்டுபோங்கள். அங்கே ‘உடம்பு வலி’ என்று சொன்னால் போதாது. என்ன செய்யவைத்தார்கள், எத்தனை தடவை, எப்போது என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் வைத்தியருக்குத் தசைச் சேதத்தைக் காட்டும் சி.பி.கே. இரத்தப் பரிசோதனை நினைவுக்கு வரும். அது ஆயிரத்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டியது. ஐயாயிரத்தைத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து அதிகம். நேரத்துக்குச் சேலைன் ஏற்றினால் பெரும்பாலானோர் முழுதாகத் தேறிவிடுகிறார்கள்.

நடந்ததை வைத்தியசாலையில் அப்படி விவரமாகச் சொல்வது சட்டத்துக்கும் உதவும். அந்த இரு மரணங்களுக்குப் பிறகு வந்த 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், மாணவருக்கு உடற்காயமோ உளக்காயமோ அச்சமோ ஏற்படுத்தும், ஏற்படுத்தக்கூடிய எந்தச் செயலையும் பகிடிவதை என்கிறது. காயம் வந்திருக்க வேண்டும் என்றில்லை. “அவனாகத்தான் செய்தான்” என்ற பதிலை அந்த வரைவிலக்கணத்தில் எங்கே பொருத்துவது? தண்டனை இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை, கூடவே பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு. கடுங்காயம் என்றால் பத்து ஆண்டு வரை போகலாம். ஆகவே வைத்தியசாலைப் பொலிஸில் முறைப்பாடு பதிந்து, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேளுங்கள். சி.பி.கே. அளவு நாளாக ஆக இறங்கிவிடும். ஒரு வாரம் தாமதித்தால் சான்றும் கரைந்துவிடும்.

முறைப்பாடு செய்தால் பிள்ளையை ஒதுக்கிவைப்பார்கள், படிப்புக் கெட்டுவிடும் என்ற பயம் பொய்யல்ல. தோட்டத்திலிருந்து போகிற பிள்ளைக்கு அந்தப் பயம் இரட்டிப்பு. ஆனால் பழிவாங்கலைத் தடுக்கும் பொறுப்பு பிள்ளையுடையதல்ல, நிருவாகத்துடையது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் நேரே முறையிடலாம். அரச பாடசாலையில் ஆசிரியர் தண்டனையாகத் தோப்புக்கரணம் போடவைத்து இப்படி நேர்ந்தாலோ, அரச நிறுவனம் தெரிந்தும் பாராமுகமாக இருந்தாலோ, கொடூரமான, இழிவான நடத்துகையைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை துணைக்கு வரும். பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கையும் சொல்கிறது. அந்த உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக இருப்பது ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அதில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் பதுளையிலேயே இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம்.