பூதத்தை விரட்டிய காகித உருண்டை

ஜப்பானில் குளிர்காலம் விடைபெறும் நாள் 'செட்சுபுன்'. பெரும்பாலும் பிப்ரவரி 3ஆம் தேதி வரும். நாங்கள் அங்கே இருந்தபோது, ஒரு வாரம் முன்பே என் மகனின் பாலர் பள்ளியில் கைவேலை ஆரம்பமாகிவிட்டது.

காகிதத் தட்டுக்குச் சிவப்போ நீலமோ பூசி, கம்பளி நூலை முடியாக ஒட்டி, மஞ்சள் காகிதத்தில் கொம்பு வைத்தால் 'ஓனி' என்கிற பூதத்தின் முகமூடி தயார்! விழாவன்று ஆசிரியர் ஒருவர் பூதமாக வருவார். "பூதமே வெளியே போ, நல்வாழ்வே உள்ளே வா" என்று கூவியபடி வறுத்த சோயா பயறை அவர்மேல் வீசுவது மரபு. பிறகு வயதுக்கேற்ப எண்ணிச் சாப்பிடுவார்கள்.

ஆனால் என் மகன் வகுப்பில் பயறே இல்லை. காரணம் கேட்டதும் மனம் கனத்தது. 2020இல் மாட்சுவே நகரில் இந்த விழாவின்போது பயறு தொண்டையில் அடைத்து 4 வயதுச் சிறுவன் இறந்துபோனான். 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கெட்டியான பயறு, கொட்டை வகைகளைத் தர வேண்டாமென்று 2021இல் அந்நாட்டு அரசு எச்சரித்தது. அதனால் செய்தித்தாளைக் கசக்கி உருண்டைகள் செய்திருந்தார்கள். பூதம் அதற்கும் அலறிக்கொண்டு ஓடத்தான் செய்தது! குழந்தைகளின் சிரிப்பிலும் குறைவில்லை.

நம் வீடுகளில் வேர்க்கடலையும் சுண்டலும் இல்லாத விசேஷம் ஏது? சின்னஞ்சிறுசுகளின் கையில் அள்ளிக் கொடுக்குமுன் அந்தக் காகித உருண்டையைச் சற்றே நினைத்துக்கொள்ளுங்களேன்.