பிள்ளைக்குச் சடைக்கற்றை: அழகை விட வேர் முக்கியம்

அமெரிக்காவிலும் ஜமைக்காவிலும் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெற்றோர் பலர், பிள்ளைகளின் சுருள் முடியை ‘லாக்ஸ்’ எனப்படும் சடைக்கற்றைகளாக வளர்க்கின்றனர். பார்ப்பவர்களுக்குச் சீவாமல் விட்ட சிக்கு முடியாகத் தோன்றலாம். உண்மையில் அதற்குப் பொறுமையான பராமரிப்பு தேவை.

கழுவிய முடியைச் சிறு பாகங்களாகப் பிரித்து, சீப்பால் சுருட்டுவார்கள் அல்லது இரட்டைப் புரியாக முறுக்குவார்கள். அன்றாடம் உதிரும் முடி கீழே விழாமல் புரிக்குள்ளேயே சிக்கி, மெல்லக் கற்றையாகும். இதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். சிலருக்கு ஓராண்டும் தாண்டும்.

முன்பு சில பள்ளிகள் இம்முடியை ஒழுங்கீனமாகவே பார்த்தன. 2019-இல் கலிபோர்னியா, அமெரிக்க மாநிலங்களிலேயே முதலாவதாக, இதற்காகப் பள்ளியிலும் வேலையிடத்திலும் பாகுபாடு காட்டுவதைச் சட்டத்தால் தடுத்தது.

ஊர் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிய வேண்டுமென்று அடிக்கடி இறுக்கி முறுக்கினால், வேர்க்கால் இழுபட்டு நெற்றியோர முடி மெலியும். நெடுநாள் நீடித்தால் அங்கே மீண்டும் முளைக்காமலே போகலாம். பிள்ளை வலிக்கிறது என்றாலோ, சிறு கொப்புளம் தெரிந்தாலோ உடனே தளர்த்துங்கள். மெழுகு பூச வேண்டாம். ஷாம்பூவால் கழுவி, உள்வரை உலர விடுங்கள்.

நம் வீட்டில் இறுக்கிப் பின்னும் இரட்டைச் சடைக்கும் இது பொருந்தும். பிள்ளை முகம் சுளித்தால், பின்னலைத் தளர்த்துவதே அன்பு.