வலி ஊசிக்கு மாற்றாகுமா அக்குபங்சர்?

முதுகு பிடித்துக்கொண்டது என்று வடசென்னைத் திருவொற்றியூரில் படுத்து ஓய்வெடுப்பவர்கள் குறைவு. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போய்விடும். 1946-இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா, எண்ணூரில் அசோக் லேலண்ட் என ஆலைகளோடு சேர்ந்து வளர்ந்த வட்டாரம் இது. ஒப்பந்தத் தொழிலாளர்கள், துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுநர்கள், குப்பங்களில் வலை இழுப்பவர்கள், மீன்கூடை சுமக்கும் பெண்கள் என எல்லாருடைய பிழைப்பும் இடுப்பையும் தோளையும் முழங்காலையும் நம்பியே நடக்கிறது. வலி பொறுக்க முடியாமல் போனால் மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் ஒரு ‘வலி ஊசி’. மறுநாள் மறுபடியும் ஷிப்டு.

டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகளை மருத்துவர் சொன்ன அளவில் சில நாள் எடுப்பதில் தவறில்லை. மாதக்கணக்கில் தாமாகவே விழுங்கினால் வயிற்றில் புண் வரும், ரத்த அழுத்தம் கூடும், சிறுநீரகம் பழுதாகும். அதனால்தான் “மருந்தில்லாத வைத்தியம்” என்று யாராவது சொன்னால் இங்கே பலரும் காது கொடுக்கிறார்கள். அப்படி அதிகம் காதில் விழும் பெயர் அக்குபங்சர். அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஊசியும் புகையும் குவளையும்

சீன மருத்துவத்தின் மூலநூலான ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு பழமையானது. உடலில் ‘சீ’ எனும் உயிராற்றல் சில பாதைகளில் ஓடுகிறது, அது தடைபடும்போது நோயும் வலியும் வருகின்றன என்பது அதன் கோட்பாடு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த பெயர்ப்பட்டியலின்படி 14 பாதைகளில் 361 புள்ளிகள் உள்ளன. தலைமுடியைவிடச் சற்றே தடித்த உலோக ஊசிகளை அந்தப் புள்ளிகளில் செருகி, பொதுவாக 20 முதல் 30 நிமிடம் விட்டுவைப்பார்கள். மருந்து எதுவும் உள்ளே செலுத்தப்படுவதில்லை.

இதோடு சேர்ந்த வேறு சிகிச்சைகளும் உண்டு. மாசிபத்திரி இனத்து மூலிகையைக் காயவைத்து, கொளுத்தி, அந்தச் சூட்டைப் புள்ளியில் காட்டுவது மோக்சா. குவளையைத் தோலில் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சி வைப்பது கப்பிங். அதையே தோலை லேசாகக் கீறி ரத்தம் வரச் செய்யும்போது, இஸ்லாமியர்களிடம் வழங்கும் ‘ஹிஜாமா’வை ஒத்திருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் வட்ட வட்டமாகத் தெரிந்தவை கப்பிங் தழும்புகளே.

போர்க்களம் வழியே வந்த உறவு

1938-இல் ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கியிருந்த சீனாவுக்கு இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகாநாத் கோட்னிஸ் அங்கேயே பணியாற்றி 1942-இல் உயிர்விட்டார். அவருடன் சென்ற கல்கத்தா மருத்துவர் விஜய் குமார் பாசு, 1950-களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று அக்குபங்சர் கற்றுத் திரும்பினார். இந்தியாவில் இந்த மருத்துவம் வேர்விட்டது அவர் வழியாகத்தான். மேற்கு வங்கம் 1996-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியதற்கும் அந்த மரபே பின்புலம். இலங்கையில் கொழும்பு களுபோவில மருத்துவமனையில் அன்டன் ஜயசூரிய நடத்திய பயிற்சிக்குப் பல நாட்டவர்கள் வந்து போனார்கள்.

பயிற்சி பெற்றவர்கள் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாகக் கையாளலாம் என்று இந்திய அரசு 2003-இல் அனுமதித்தது. 2019 பிப்ரவரியில் அதைத் தனித்த சிகிச்சை முறையாகவே ஏற்று மத்திய சுகாதார அமைச்சகம் ஆணையிட்டது.

ஆய்வுகள் காட்டுவது

ஜெர்மனியில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே விரிவாகப் பார்ப்பது பயன் தரும். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு முறைப்படி அக்குபங்சர். இரண்டாவது குழுவுக்குப் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி. மூன்றாவது குழுவுக்கு மருந்து, உடற்பயிற்சி, பிசியோதெரபி அடங்கிய வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துக் குறிப்பிடத்தக்க அளவில் தேறியவர்கள் முதல் குழுவில் 47.6 சதவீதம், இரண்டாவதில் 44.2, மூன்றாவதில் 27.4.

இந்த மூன்று எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நிவாரணம் அதிகம். அதே சமயம் ‘சரியான’ புள்ளிக்கும் ‘தவறான’ இடத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. ஊசி தூண்டும் நரம்பு, கிடைக்கும் கவனிப்பு, அரை மணி நேர ஓய்வு, குணமாகும் என்ற நம்பிக்கை எல்லாமே பலனில் பங்கு பெறுகின்றன. ஊசி குத்தும்போது வலியைத் தணிக்கும் எண்டார்ஃபின் போன்ற பொருள்களை உடலே சுரக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. உயிராற்றல் பாதைகளை இதுவரை எந்தக் கருவியும் காட்டவில்லை.

வல்லுநர்களிடமும் ஒருமித்த கருத்து இல்லை. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2016-இல் இடுப்புவலிக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. வேறு நோயால் விளக்க முடியாத நாள்பட்ட வலிக்குப் பரிசீலிக்கலாம் என்று 2021-இல் அதே அமைப்பு சொன்னது. நாள்பட்ட இடுப்புவலிக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல், வழங்கத்தக்க சிகிச்சைகளுள் ஒன்றாக ஊசி சிகிச்சையையும் நிபந்தனையுடன் சேர்த்தது. அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலி, கீமோதெரபிக்குப் பிந்தைய குமட்டல் ஆகியவற்றுக்கும் ஓரளவு சான்று உண்டு. சர்க்கரை நோய், புற்றுநோய், காசநோய் ஆகியவற்றை இது குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை.

தொட்டால் போதுமா?

தமிழ்நாட்டில் ஒரு சாரார் ஊசியே குத்துவதில்லை. நாடி பார்த்து, ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்பிவிடுகிறார்கள். மேலே சொன்ன ஆய்வுகள் யாவும் ஊசி சிகிச்சையைப் பற்றியவை. தொடு சிகிச்சைக்கு அவற்றைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. வலி குறைந்ததாக ஒருவர் உணர்ந்தால் அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் “எல்லா மருந்தையும் நிறுத்துங்கள், காய்ச்சல் என்பது கழிவு வெளியேறுவதுதான்” என்று அறிவுரை வரும் இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. இன்சுலின், காசநோய் மாத்திரை, வலிப்பு மருந்து, ரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றை நிறுத்தினால் உயிருக்கே கேடு.

ஊசியிலும் கவனம் வேண்டும். ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். நெஞ்சுப் பகுதியில் ஆழமாகச் செருகினால் நுரையீரலில் துளை விழலாம். ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் கையில் இத்தகைய விபரீதங்கள் மிக அரிது. பிரிட்டனில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் 34,000-க்கும் மேற்பட்ட சிகிச்சைகளில் ஒன்றில்கூடக் கடுமையான பாதிப்பு பதிவாகவில்லை.

முதலில் யாரிடம் போவது?

முதுகுவலியோடு கால் மரத்துப்போதல், கால் பலவீனம், சிறுநீர் கழிக்க முடியாமை, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தாலோ, கீழே விழுந்த பிறகு வலி தொடங்கியிருந்தாலோ, ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற இடத்துக்கு உடனே போக வேண்டும். இடது தோள்வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். இந்த அறிகுறிகளுக்கு ஊசி சிகிச்சையில் ஒரு மணி நேரத்தைக்கூடச் செலவிடக் கூடாது.

அத்தகைய ஆபத்து இல்லை என்று மருத்துவர் உறுதி செய்தபின் அக்குபங்சரை முயலலாம். அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். அங்கே கற்பிக்கப்படும் ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ். பட்டப்படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். தனியாரிடம் போனால் நான்கு கேள்வி கேளுங்கள்: எங்கே படித்தீர்கள்? ஊசி என் கண் முன்னால் புது உறையிலிருந்து பிரிக்கப்படுமா? எத்தனை முறை வர வேண்டும், மொத்தச் செலவு என்ன? எத்தனை முறைக்குள் பலன் தெரியாவிட்டால் நிறுத்திக்கொள்வோம்? ஜெர்மன் ஆய்வில் முதலில் தரப்பட்டது பத்து முறை. பத்து முறைக்குப் பிறகும் மாற்றம் இல்லாதவருக்கு “இன்னும் ஆறு மாதம் வாருங்கள்” என்று சொல்பவரை நம்ப வேண்டியதில்லை.

எந்த ஊசியும் பாரத்தின் எடையைக் குறைத்துவிடாது. சரியாகத் தூக்கும் பயிற்சி, ஓட்டுநர் இருக்கைக்கு நல்ல சாய்மானம், ஷிப்டுக்கு நடுவே ஓய்வு, தினமும் சிறிது நடை, முதுகுத் தசைகளை வலுவாக்கும் பயிற்சி ஆகியவைதான் நாள்பட்ட இடுப்புவலிக்கு அடிப்படை மருத்துவம். அக்குபங்சர் அவற்றோடு சேரும் ஒரு துணை.

அந்தத் துணையும் தொழிலாளிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கடலோரத்திலிருந்து அரும்பாக்கம் போய்வர அரை நாள் கூலியை இழக்க வேண்டியிருந்தால், அவர் மீண்டும் மருந்துக் கடை வலி ஊசிக்கே திரும்புவார். பிசியோதெரபிஸ்ட், வலி மருத்துவர், பயிற்சி பெற்ற அக்குபங்சர் மருத்துவர் மூவரும் ஒரே கூரையின் கீழ் அமரும் அரசு வலிப் பிரிவு ஒன்று, ஷிப்டு முடிந்த மாலை நேரத்திலும் திறந்திருக்கும்படி, திருவொற்றியூரிலேயே வர வேண்டும். உழைப்பால் நகரைத் தாங்கும் இந்த மக்கள் அதைக் கேட்டுப் பெறுவது அவர்கள் உரிமை.