மாதிரிக் கார்களும் பழைய படங்களும்

புதிய காரை விற்குமுன் மாதிரி வண்டி செய்து ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியார் 1962-இல் காட்டிய மஸ்டாங் மாதிரியில் இருவரே அமரலாம். எஞ்சின் இருக்கைக்குப் பின்னே இருந்தது. 1964-இல் விற்பனைக்கு வந்ததோ நால்வர் அமரும் வண்டி, எஞ்சின் முன்புறம். இம்மாறுதலைப் பழைய புகைப்படங்கள் நன்கு விளக்குகின்றன.

நம் கோயமுத்தூரிலும் ஜி. டி. நாயுடு அவர்கள் 1952-இல் இருவர் அமரும் பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை ரூ. 2,000 தான். சர்க்கார் லைசென்ஸ் கிடைக்காமையால் அது பெருகவில்லை.

மட்டாஞ்சேரியில் வாழும் நம் குடும்பங்களிலும் பட்டறைகளில் கைத்திறன் காட்டிய முன்னோர் உண்டன்றோ? அவர்கள் செய்த பொருள்கள் மறைந்திருக்கலாம். பெட்டியில் உள்ள படங்களின் பின்புறத்திலேனும் பெயரும் ஆண்டும் எழுதி வைப்போம். நிறைவேறாத முயற்சியும் நம் பிள்ளைகள் அறியவேண்டியதே.